களவொழுக்கமும் கப்பன் பூங்காவும்: பெங்களூரு மணமக்கள் படப்பிடிப்பு பற்றி ஒரு திணையியல் ஆய்வு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பெங்களூரு கப்பன் பூங்காவுக்குள் நுழைவோரை மூன்று வகையாகப் பிரிக்கலாம்: நாயை நடத்தி வருபவர், நாயால் இழுத்து வரப்படுபவர், லெஹங்காவை இரு கையாலும் தூக்கிப் பிடித்து வருபவர். முதலிரு வகையாரைப் பற்றி நகரத்து நாளேடுகள் வேண்டிய மட்டும் எழுதிவிட்டன. மூன்றாம் வகையாரிடம் தமிழாய்வுலகம் பாராமுகமாகவே இருந்து வருகிறது. அகத்திணைக்கு இலக்கணம் வகுத்த ஒரு மொழிக்கு இது அழகல்ல. இக்கட்டுரை அந்தப் பழியைத் துடைக்க முயல்கிறது.

முதலில் ஆய்வுப் பொருளை வரையறுப்போம். திருமணம் நிச்சயமான இருவர், தங்களுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஓர் இடத்துக்கு, வாழ்நாளில் மறுபடி உடுத்தப்போகாத உடையில் சென்று, முன்பின் தெரியாத ஒருவர் சொல்கிறபடியெல்லாம் நின்று, யாரோ தற்செயலாகப் பார்த்துப் பிடித்ததுபோல் படம் எடுத்துக்கொள்வது. பேச்சுவழக்கில் இதற்கு ‘ப்ரீ-வெட்டிங் ஷூட்’ என்று பெயர். வீட்டுப் பெரியவர்கள் ‘அவுட்டோர்’ என்பார்கள். மணமகனின் அப்பா ‘அந்தச் செலவு’ என்பார். கூரைக்குக் கீழே நடப்பவை இவ்வாய்வின் எல்லைக்குள் வரா. 2024 பிப்ரவரியில் சித்திரதுர்கா மாவட்டத்தின் அரசு மருத்துவமனை ஒன்றில், அறுவை சிகிச்சை அரங்கையே களமாகக் கொண்டு ஒரு மருத்துவர் இத்தகைய படம் எடுத்து வேலையை இழந்தார். திணை மயக்கத்துக்கு அது மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. ஆனாலும் அங்கே கூரை இருந்தது என்பதால் அதை விட்டுவிடுகிறோம்.

வரலாற்றைச் சுருக்கமாகவே பார்க்கலாம். நம் தாத்தா பாட்டிமார் கல்யாணம் முடிந்து சில நாள் கழித்து ஸ்டுடியோவுக்குப் போனார்கள். பெங்களூருவில் 1910 முதல் பெயர் சொல்லும் ஜி.கே. வேல் போன்ற கடைகளில், அவர் நாற்காலியில் அமர, அவள் பக்கத்தில் நின்று, இருவரும் கேமராவைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து நீதிபதியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். பின்னால் தொங்கிய திரையில் படிக்கட்டு, தூண், ஏரி, ஏரியில் அன்னம் எல்லாம் வரையப்பட்டிருந்தன. வெளியிடத்தை உள்ளே கொண்டுவந்து மாட்டிய காலம் அது.

வெளியே போகலாம் என்ற துணிச்சலைத் தமிழனுக்குக் கொடுத்தது சினிமா. 1977-ல் பாரதிராஜா ‘16 வயதினிலே’ மூலம் தமிழ்ப் படத்தை ஸ்டுடியோவிலிருந்து வெளியே இழுத்து வந்தார். அவர் போய்ச் சேர்ந்த இடம் மைசூரு, கொள்ளேகால் பக்கம். ஆக, தமிழ் முகங்களை வெட்டவெளியில் நிறுத்திப் படம் பிடிக்கக் கர்நாடக மண் தோதானது என்பது அப்போதே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. மற்றபடி, கல்யாணத்துக்கு முன்பே நாள் முழுக்க அலங்கரித்துப் படம் எடுக்கும் வழக்கத்தைத் தைவான் ஸ்டுடியோக்கள் ஒரு தொழிலாகவே வளர்த்தன. லாஸ் வேகாஸ் நகரத்து ஜான் மைக்கேல் கூப்பர் 2001 வாக்கில் மணப்பெண்ணைக் கல்யாணக் கவுனோடு சேற்றிலும் தண்ணீரிலும் இறக்கிப் படம் எடுத்து, உடையைப் பாழாக்குவதையே ஒரு பாணியாக்கினார். காஞ்சிபுரம் பட்டின் விலை தெரிந்த நம் தாய்மார்கள் இருக்கும்வரை இரண்டாவது பாணி இங்கே வேரூன்றாது.

இனிக் கருதுகோள். இந்தப் படங்கள் படத்துக்காக எடுக்கப்படுபவை அல்ல. தொல்காப்பியம் களவு, கற்பு என்று இரண்டாக வகுத்து, முன்னதை ஊரறியாக் காதலாகவும் பின்னதை ஊரறிந்த மணமாகவும் வைத்தது. ஜாதகம் பார்த்து, பெண் பார்த்து, தட்டு மாற்றிக் கல்யாணம் நிச்சயித்த நம் குடும்பங்களில் களவுக்கு இடமே இல்லாமல் போயிற்று. நேரே கற்பியல்தான், முதல் பாகம் இல்லாத நாவல் மாதிரி. அந்த விடுபட்ட முதல் பாகத்தைப் பின்னோக்கி எழுதிச் சேர்க்கும் முயற்சியே இந்தப் படப்பிடிப்பு. பெற்றோர் சம்மதத்தோடு, பெற்றோர் செலவில், முறையான ரசீதும் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் போட்டு நடத்தப்படும் களவு இது. உலக இலக்கியத்தில் இதற்கு இணை கிடையாது.

இந்தக் கருதுகோளை ஏற்றால் மற்றதெல்லாம் தாமாக வந்து பொருந்தும். தோழி யார்? போட்டோகிராஃபர். தலைவனும் தலைவியும் சந்திக்க இடம் குறித்துத் தருவது சங்கப் பாடல்களில் தோழியின் வேலை. பகலில் சந்திக்கும் இடம் பகற்குறி, இரவில் சந்திக்கும் இடம் இரவுக்குறி. போட்டோகிராஃபர் இதை ‘லொக்கேஷன்’ என்கிறார், வாட்ஸப்பில் அனுப்புகிறார். செவிலித்தாய் யார்? மணமகளின் சித்தி. ஒரு கையில் ஃபிளாஸ்க், மறு கையில் மணப்பெண்ணின் அன்றாடச் செருப்பு, முந்தானையில் ஊக்கு வரிசை. பாங்கன் என்பவன் மணமகனின் அறை நண்பன். காரை ஓட்டி வந்து, பார்க்கிங் கிடைக்காத காரணத்தால் காரிலேயே இருந்து, காவியத்தில் பங்கேற்காமலே போகிறவன். தலைவன் மட்டும்தான் கொஞ்சம் மாறியிருக்கிறான். அவன் காதில் ஒரு வெள்ளைக் கருவி இருக்கிறது. “ரெண்டே நிமிஷம், கால்ல இருக்கேன்” என்கிறான்.

தோழியின் கூற்று எப்படி இருக்கும் என்பதற்கு, மூங்கில் புதர் பக்கமாக நடந்த ஓர் உரையாடல்:

“சார், கொஞ்சம் கிட்ட வாங்க. இன்னும். சார், அவங்க உங்க வைஃப் ஆகப்போறவங்க, ஆதார் ஆபீஸ் க்யூ இல்ல இது.”

“இது போதுமா?”

“மேடம், நீங்க சாரைப் பாருங்க. சார், நீங்க மேடத்தைப் பாக்காதீங்க, தூரமா பாருங்க. ரெண்டு பேரும் ஏதோ பேசிச் சிரிக்கிற மாதிரி.”

“என்ன பேசறது?”

“எதையாவது பேசுங்க சார். ஒண்ணு ரெண்டு மூணு சொன்னாக்கூடப் போதும், வாய் அசைஞ்சா சரி.”

மணமகன் சேலத்துக்காரர், எண்ணத் தொடங்கினார். மணமகள் மல்லேசுவரத்தில் வளர்ந்தவர், கன்னடத்தில் பதிலுக்கு எண்ணினார். ஏழுக்கு வந்தபோது இருவருக்கும் நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. தோழி அதைப் பிடித்துவிட்டார். இந்த ஆய்வில் கண்ட சான்றுகளில் கருதுகோளுக்கு மிக வலுவாகத் துணை நிற்பது இதுவே.

இனித் திணைகளின் நிலங்களுக்கு வருவோம். பெங்களூருவின் குறிஞ்சி, சந்தேகமில்லாமல் நந்தி மலை. 1,478 மீட்டர் உயரம், நகரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். குறிஞ்சிக்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம். இலக்கணம் அப்படியே பொருந்துவதை வியக்காமல் இருக்க முடியாது. விடியும்போது மேலே நிற்க வேண்டுமானால் நள்ளிரவு தாண்டி மேக்கப் தொடங்க வேண்டும். 1927-ல் காந்தியடிகள் உடல் தேற இந்த மலையில் தங்கினார். 1986-ல் சார்க் நாட்டுத் தலைவர்கள் பெங்களூரு மாநாட்டின் நடுவே இங்கே வந்து கூடினார்கள். அவர்களில் எவரும் அதிகாலை மூன்று மணிக்கு ஜிமிக்கி தேடியிருக்க மாட்டார்கள். மலையுச்சியில் மூடுபனி இறங்கிவிட்டால் பின்னணி முழுக்க வெள்ளையாகிவிடும். வீட்டுச் சுண்ணாம்புச் சுவருக்கு முன் நின்றாலும் அதே படம் கிடைத்திருக்கும் என்று இங்குள்ள சித்திமார்கள் சொல்வதில் அறிவியல் உண்மை உண்டு. ஆனால் அவர்கள் திணைக்குரிய ஒழுக்கமான உரிப்பொருளை மறக்கிறார்கள். குறிஞ்சிக்கு உரியது புணர்தல். சுவருக்கு முன் குளிராது. மலையில் குளிர் தாங்காமல் இருவரும் தோழி சொல்லாமலே நெருங்கி நிற்பார்கள்.

முல்லை, கப்பன் பூங்காவும் லால்பாக்கும். 1870-ல் அமைந்தது முன்னது. 1760-ல் ஹைதர் அலி தொடங்கியது பின்னது. முல்லையின் உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல். இங்கே அதற்குப் பஞ்சமே இல்லை. ஓடுகிறவர்கள் சட்டகத்தைக் கடக்கும்வரை காத்திருக்க வேண்டும். மேகம் விலகக் காத்திருக்க வேண்டும். அதே மரத்தடியில் ஏற்கெனவே சாய்ந்திருக்கும் வேறொரு ஜோடி எழுந்து போகக் காத்திருக்க வேண்டும். அந்த ஜோடி தங்கள் தோழியிடம் “இன்னும் ஒரே ஒரு போஸ்” என்று கேட்டுக்கொண்டிருக்கும். முல்லைக்குக் காவல் தெய்வம் மாயோன். பூங்காவுக்குக் காவலர் விசிலோடு வருபவர். அவரது இலக்கணம் எளிமையானது. போனில் எடுத்தால் குடும்பம்; கேமராவில் எடுத்தால் ஷூட்டிங்; வெள்ளைக் குடையும் ரிஃப்ளெக்டரும் விரிந்துவிட்டால் சினிமா கம்பெனி. எனவே அனுபவம் முற்றிய தோழிகள் ரிஃப்ளெக்டரை மடித்துத் துணிப்பையில் போட்டு, காய்கறி வாங்க வந்தவர்போல் உள்ளே நுழைகிறார்கள். பிடிபட்டால், இந்த நகரத்தின் எல்லாச் சச்சரவுக்கும் தீர்வான அந்த மந்திரத்தைச் சொல்கிறார்கள்: “சொல்ப அட்ஜஸ்ட் மாடி”, கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்.

முல்லையின் கருப்பொருளான பூவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் பெங்களூரு இளஞ்சிவப்பாக மாறும். டபெபுயா ரோசியா. மத்திய, தென் அமெரிக்க மரம். ஒரு மரம் உதிர்த்து முடிக்கும்போது இன்னொன்று பூக்கத் தொடங்கும்படி ஆண்டு முழுக்கத் தெருவுக்குத் தெரு பூ இருக்க வேண்டும் என்று நினைத்தவர், 1908-ல் மைசூர் அரசின் பணிக்கு வந்து லால்பாக்கைப் பார்த்துக்கொண்ட ஜெர்மானியர் குஸ்தாவ் க்ரும்பீகல். 1980-களில் வனத்துறை அதிகாரி நெகின்ஹால் லட்சக்கணக்கில் மரம் நட்டு நகரை மறுபடி நிழலாக்கினார். ஆக, இன்று ஒரு மணமகள் பூ உதிரும் சாலையில் ஒரு கையை நீட்டி நிற்கிறாள் என்றால், அவளுக்குப் பின்னால் ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரரும் ஒரு வனத்துறை அதிகாரியும் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறார்கள். ஆல்பத்தில் இவர்களுக்கு நன்றி சொல்லும் வழக்கம் இன்னும் வரவில்லை. பூ தானாக விழாத நேரத்தில் அசிஸ்டெண்ட் ஒருவர் கீழே கிடந்ததைப் பொறுக்கி மேலே ஏறி வீசுவார் என்பதையும் ஆய்வு நேர்மை கருதிப் பதிவு செய்கிறேன்.

லால்பாக்கின் பாறை வேறு. அது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமை கொண்டது, தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். உறவின் நிலைத்தன்மையை உணர்த்த இதைவிடப் பொருத்தமான இருக்கை பூமியில் அரிது. அதில் அமர்ந்து மணமக்கள் பெரும்பாலும் எடுத்த படத்தைத் திரையில் சரிபார்க்கிறார்கள்.

மருதத்தில் சிக்கல் இருக்கிறது. வயலும் ஏரிப் பாசனமும் மருதம். பெங்களூரு ஒரு காலத்தில் ஏரிகளால் வாழ்ந்த ஊர். தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில்தான் இன்று மெஜஸ்டிக் பேருந்து நிலையம் இருக்கிறது. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாயிற்று. இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டு மருதத்தில் படம் எடுப்பேன் என்பவர், மெஜஸ்டிக்கில் கனகபுரா பேருந்துக்கு முன் பட்டுடுத்தி நிற்க வேண்டும். அந்த அளவுக்கு மரபுப் பற்றுள்ளவர் கிடைக்காததால், தேவனஹள்ளி, ஹொசகோட்டே பக்கம் திராட்சைத் தோட்டத்தையும் கேழ்வரகுக் கொல்லையையும் நாடுகிறார்கள். கேழ்வரகு நெல்லின் பதிலியாக ஏற்கப்படுமா என்பதை உரையாசிரியர்களுக்கு விடுகிறேன். மருதத்தின் உரிப்பொருளான ஊடலை இங்கே எங்குமே காண முடியவில்லை. அதற்குக் கடைசியில் வருவோம்.

நெய்தலோ இன்னும் சிக்கல். கடல் இந்த ஊருக்குச் சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி, எந்தப் பக்கம் போனாலும். எனவே ஏரியே கடல். அதிலும் அல்சூர் ஏரி தமிழர்களுக்கு நெருக்கமானது, கரைக்குப் பக்கத்திலேயே திருவள்ளுவர் இருக்கிறார். படம் எடுக்கப்படுவதற்காகப் பெங்களூருவில் மிக நீண்ட காலம் காத்திருந்தவர் அவர்தான். 1991-ல் நிறுவிய சிலை மூடியபடியே இருந்து, 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பதினெட்டு ஆண்டு. அவருடைய இன்பத்துப்பாலில் களவியலுக்கு 7 அதிகாரம், கற்பியலுக்கு 18 அதிகாரம். கற்பியலும் பதினெட்டு, போர்வையும் பதினெட்டு. இதில் எந்தப் பொருளும் இல்லை. ஆனால் ஆய்வுக் கட்டுரை என்றால் இப்படி ஒன்றாவது இருந்தாக வேண்டும்.

பெல்லந்தூர் ஏரியையும் விடக்கூடாது. கழிவும் சோப்பு நுரையும் சேர்ந்து 2015 வாக்கில் வெண்பனிபோல் சாலைவரை பறந்து வந்தது. 2017-லும் 2018-லும் ஏரியே தீப்பற்றியது. தண்ணீர் எரியும் நிலத்தை எந்தத் திணையில் சேர்ப்பது? சுவிட்சர்லாந்து போகாமல் பனிப்பின்னணி கிடைக்கிறது என்று கணக்குப் போடுகிறவர்கள் மூக்கு என்னும் உறுப்பைக் கணக்கில் எடுக்கவில்லை. நெய்தலுக்கு உரிய இரங்கல் இங்கே முழுமையாகக் கிடைக்கும்.

நெய்தலில் நான் மிக உயர்வாக மதிப்பது ஒரு குழியை. 2017 அக்டோபரில் ஓவியர் பாதல் நஞ்சுண்டசுவாமி நகரின் நட்டநடுச் சாலைக் குழியொன்றைக் குளம்போல் ஆக்கி, நடிகை சோனு கவுடாவைக் கடற்கன்னியாக அதில் உட்கார வைத்தார். இரண்டு ஆண்டுக்கு முன் இன்னொரு குழியில் முதலை ஒன்றையும் அவர் இறக்கியிருந்தார். கல்யாணப் படம் அல்ல அது. ஆனால் கல்யாணப் படக்காரர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள் போலும். 2022-ல் கேரளத்து நிலம்பூர் பக்கம் ஒரு மணப்பெண் சிவப்புப் பட்டும் நகையுமாக, சேறு நிறைந்த சாலைக் குழிகளுக்கு நடுவே நடந்து வந்தார். படம் இணையமெங்கும் பரவியது. மற்றவர்கள் எல்லாம் ஊரை மறைக்க அரும்பாடு படுகையில், இந்த ஒருத்தி ஊரோடு சேர்ந்து நின்றாள். மணப்பெண் படங்களில் இடத்தைப் பற்றி உண்மை பேசியது நான் பார்த்தவரை அதுதான்.

பாலைக்குத் தொல்காப்பியம் தனி நிலம் தரவில்லை. பெங்களூரு தாராளமாகத் தந்திருக்கிறது. 50 கிலோமீட்டர் தள்ளி ராமநகரத்துக் கற்குன்றுகள். 1975-ல் வெளியான ‘ஷோலே’ அங்கேதான் படமானது. பாலையின் கருப்பொருளில் கழுகும் எருவையும் வரும். ராமதேவர பெட்டா 2012-ல் பிணந்தின்னிக் கழுகுகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இதைவிட இலக்கணச் சுத்தமான பாலை தமிழ்நாட்டிலேயே இருக்குமா என்பது ஐயம். ஒரே குறை, பாலையின் உரிப்பொருள் பிரிதல். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் அதை வலியுறுத்திச் சொல்ல வேண்டாம். நகருக்குள்ளேயே பாலை வேண்டுவோருக்கு 2017-ல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் தூண்களாக நின்ற எஜிபுரா மேம்பாலத்தைப் பரிந்துரைக்கிறேன். முற்றுப்பெறாத காதலுக்கு வேறெங்கும் அத்தனை பெரிய குறியீடு கிடைக்காது.

ஐந்திணைக்கு இருபுறமும் கைக்கிளையும் பெருந்திணையும் உண்டு. மணமகன் காரில் மடிக்கணினியோடு இருக்க, மணமகள் மட்டும் தனியாகக் குடை பிடித்து நிற்பது கைக்கிளை. பொருந்தாதவற்றைப் பொருத்துவது பெருந்திணை. அதற்கென்றே நகர விளிம்பில் வாடகைக்குத் தோட்டங்கள் முளைத்துவிட்டன. ஒரே காம்பவுண்டுக்குள் லண்டன் டெலிபோன் பெட்டி, கிரேக்கத் தீவின் நீலக் கதவு, சிமெண்டுக் குளத்தில் வெனிஸ் படகு. ஸ்டுடியோவிலிருந்து தப்பித்து வெளியே ஓடி வந்த கலை, வெளியே ஒரு ஸ்டுடியோவைக் கட்டிக்கொண்டு விட்டது. தாத்தா காலத்துத் திரையில் அன்னத்தை வரைந்த கைக்கு இந்தப் படகைக் காட்டினால் சந்தோஷப்பட்டிருக்கும்.

பொழுதைப் பற்றி ஒரு கணக்கு. போட்டோகிராஃபர்கள் ‘கோல்டன் ஹவர்’ என்று உயிரை விடுவார்கள். சூரியன் அடிவானத்திலிருந்து ஆறு பாகைக்குள் இருக்கும் நேரம், ஒளி மஞ்சளாகச் சாய்ந்து விழும் நேரம். இந்தச் சொல் மேலைநாட்டில் பிறந்தது. அங்கே சூரியன் சரிவாக, சாவகாசமாக இறங்குகிறது. பெங்களூரு 13 பாகை அட்சத்தில் இருக்கிறது, சூரியன் கிட்டத்தட்ட நேராக விழுகிறது. ஆறு பாகையைக் கடக்கச் சுமார் 25 நிமிடம். ஆக, நம் பொன்மணி நேரத்தில் ஒரு மணி நேரமே கிடையாது. இதனோடு இன்னொரு எண்ணைச் சேர்க்க வேண்டும். டாம்டாம் நிறுவனத்தின் 2022 கணக்குப்படி பெங்களூருவின் மையத்தில் பத்து கிலோமீட்டர் போக 29 நிமிடம் 10 விநாடி ஆனது. வகுத்துப் பார்த்தால், பொன்னொளி மறைவதற்குள் ஒரு ஜோடி நகரக்கூடிய அதிகபட்சத் தூரம் எட்டரை கிலோமீட்டர், அதுவும் இறங்காமல், ஊக்கு குத்தாமல், பார்க்கிங் தேடாமல். “சாயங்காலம் கப்பன் பார்க் முடிச்சிட்டு அதே லைட்ல லால்பாக் போயிடலாம்” என்று பேக்கேஜ் விற்கும் தோழியை நம்ப வேண்டாம். 2023 ஜனவரியில் ஒரு மணப்பெண் முழு அலங்காரத்தோடு நெரிசலில் காரை விட்டு இறங்கி, மெட்ரோ ஏறிக் கல்யாண மண்டபம் போய்ச் சேர்ந்த காணொளி வந்ததே, அவர் இந்தச் சூத்திரத்தைக் காகிதமில்லாமல் போட்டுப் பார்த்தவர்.

அடுத்தது ஒளியியல். கல்யாணப் படக்காரர்களின் பிரியமான லென்ஸ் 85 மில்லிமீட்டர், துவாரத்தை 1.4-க்குத் திறந்து வைப்பார்கள். அந்த அளவில், இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும் மணமகளின் மேல் குவியம் வைத்தால், தெளிவாகத் தெரியும் ஆழம் சுமார் நாலரை சென்டிமீட்டர். கண்ணும் மூக்குத்தியும் தெளிவு. காதுக்குப் போவதற்குள் ஜிமிக்கி மங்கிவிடும். அதற்குப் பின்னால் நந்தி மலை என்ன, நாராயண மருத்துவமனை என்ன, எல்லாம் ஒரே வண்ணக் குழம்பு. இதன் விளைவை நிதானமாக யோசித்துப் பாருங்கள். நள்ளிரவில் எழுந்து, 60 கிலோமீட்டர் ஓட்டி, மலை ஏறி, காவலரிடம் கெஞ்சி, கிடைத்தற்கரிய ஓர் இடத்தைப் பிடித்து, பிறகு பல்லாயிரம் ரூபாய் லென்ஸைக் கொண்டு அந்த இடத்தை அழிக்கிறார்கள். இடம் படத்துக்குத் தேவையே இல்லை. போக மட்டுமே தேவை. நம் கருதுகோள் சொன்னதும் இதுதான். குறியிடம் என்பது பார்க்க அல்ல, இருவர் வீட்டுக்கு வெளியே ஒரு பகல் முழுக்கச் சேர்ந்து இருக்க. காரில் போகையில் அவளுக்குத் தலை சுற்றும் என்பதும், பசித்தால் அவனுக்குக் கோபம் வரும் என்பதும் ஜாதகத்தில் வராதவை. நந்தி மலை அடிவாரத்துத் தட்டு இட்லிக் கடையில் தெரிந்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கேலி செல்லாது. 2020 நவம்பரில், தலக்காடு அருகே காவிரியில் ஒரு சிறு பரிசலில் நின்று படம் எடுக்க முயன்ற மைசூரு ஜோடி, பரிசல் கவிழ்ந்து இருவருமே மூழ்கி இறந்தார்கள். 2025-ல் பெங்களூருவில் பின்னணிக்கு வைத்த வண்ணப்புகை வெடி தவறி ஒரு மணமகளுக்குத் தீக்காயம். பரிசல் நிற்பதற்கானது அல்ல. குழல் வெடி ஆளை நோக்கி வைப்பதற்கானது அல்ல. சங்கத் தோழி, யானையும் பாம்பும் உலவும் இரவுக் காட்டு வழியில் தலைவன் வரக்கூடாது என்று ஓயாமல் தடுத்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்வதும் அவள் வேலையில் பாதி. கேமரா பிடித்த தோழிகள் அந்தப் பாதியையும் படித்துக்கொள்ள வேண்டும்.

அலர் தூற்றலில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அன்று ஊர்ப் பெண்கள் வாய் மூடிப் பேசினார்கள். இன்று பெரியம்மா படத்துக்குக் கீழே இதயக்குறி போட்டுவிட்டு அடுத்த நிமிடம் அம்மாவுக்குப் போன் செய்து, “என்னடி, கல்யாணத்துக்கு முன்னாடியே இப்படித் தோள்ல கை போட்டுக்கிட்டு” என்பார். இரண்டும் ஒரே ஆள்.

கடைசியாக, மருதத்தில் தேடிக் கிடைக்காத ஊடல். அது வயலில் இல்லை. திருமணம் முடிந்து ஆறேழு வாரத்தில் ஒரு கூகுள் டிரைவ் சுட்டியாக வருகிறது. உள்ளே இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள், இருநூறைத் தேர்ந்தெடுத்து எண் அனுப்பினால்தான் ஆல்பம் அச்சுக்குப் போகும். அவள் சிரிப்பு நன்றாக இருக்கும் படத்தில் அவன் கண் மூடியிருக்கிறது. அவன் உயரமாகத் தெரியும் படத்தில் அவள் கை குண்டாகத் தெரிகிறது. சித்தி தெரியும் படங்களை எல்லாம் அவன் நீக்கிவிட்டான். அவளோ, சித்தி இல்லாமல் ஆல்பமே வேண்டாம் என்கிறாள். எண்ணும்போது சிரித்த அந்தப் படத்தை அட்டையில் போடலாம் என்பதில் மட்டும் ஒத்த கருத்து, ஆனால் ஐந்துக்குச் சிரித்ததா ஏழுக்குச் சிரித்ததா என்பதில் இல்லை. வள்ளுவர் இன்பத்துப்பாலின் கடைசி மூன்று அதிகாரங்களைப் புலவிக்கும் ஊடலுக்குமே ஒதுக்கி, 133-ஆம் அதிகாரத்துக்கு ஊடலுவகை என்று பெயர் வைத்தார். தோழியிடமிருந்து தினமும் ஒரு செய்தி வருகிறது: “மேடம், செலக்‌ஷன் முடிஞ்சுதா?” தட்டச்சிய பதில் போகிறது: “இன்னும் ஒரு வாரம் டைம் கொடுங்க அண்ணா. இவர் நேத்திலிருந்து பேசல.”